பிற நாட்டு இயக்கங்களோடு கூட்டமைப்பு: சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கத்துச் சங்கங்கள் சில சேர்ந்து, வீடு, வேலை, தண்ணீர் உரிமைகளுக்காக மற்ற நாட்டு இயக்கங்களோடு ஒரு கூட்டமைப்பு தொடங்கலாமா என்று பேசி வருகிறோம். போன கூட்டத்தில் நேரம் போதாமல் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. இருபது வருஷம் தொழிற்சங்கத்தில் அலைந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

*ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி: தண்ணி லாரி வரலைன்னா ஏரியா ஆபீஸ்ல போய் நிக்கிறோம். இதுக்குப் பிரேசில்காரன் எதுக்குக்கா?*

தண்ணி லாரிக்கு வேணாம் தம்பி, ஏரியா ஆபீஸ்லயே நில்லுங்க. கால்வாய் ஓரத்து வீட்டை இடிச்சு, ஊர்க்கோடியில பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புல கொண்டுபோய் விடுறாங்களே, அந்த மாதிரி விஷயத்துக்குத்தான் சொல்றேன். மும்பை நடைபாதையில குடியிருந்தவங்க வழக்குல, பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில அடக்கம்னு 1985லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சொன்ன கையோட, காலி பண்ணவும் அனுமதிச்சது. தென்னாப்பிரிக்காவுல ஐரீன் குரூட்பூம்னு ஒரு அம்மா. 2000ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்துல வீட்டு உரிமைக்காக ஜெயிச்சாங்க. எத்தனையோ நாட்டுல சட்டம் படிக்கிற பசங்களுக்கு அந்தத் தீர்ப்பு பாடம். 2008ல செத்தப்போ அவங்க இருந்தது குடிசையிலதான். தீர்ப்பு வந்த மறுநாள் என்ன செய்யணும், எங்க கோட்டை விட்டோம்னு அந்த ஊர்க்காரங்களைத்தானே கேட்கணும்? என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கூட்டமைப்பே அதுக்குத்தான்.

*சட்டக் கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை: இங்கே தோற்றால் ஐ.நா.வுக்கு நேரடியாகப் புகார் செய்ய முடியாதா?*

வீடு, வேலை உரிமையெல்லாம் அடங்கின ஐ.நா.வோட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கை 1966ல வந்தது. இந்தியா 1979 ஏப்ரல்ல சேர்ந்தது. தனி ஆள் புகார் கொடுக்க வழி செய்ற கூடுதல் நெறிமுறை 2008ல ஏற்கப்பட்டு 2013ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல இந்தியா சேரலை. அதனால அந்தக் கதவு நமக்குப் பூட்டு. வேற ரெண்டு கதவு இருக்கு. ஒண்ணு, வீட்டு உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு, அதாவது அதைக் கவனிக்க ஐ.நா. நியமிச்ச தனி நிபுணருக்கு, எழுதுறது. அவர் நம்ம அரசாங்கத்துகிட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் போடலாம். இன்னொண்ணு, ஐ.நா. மனித உரிமை மன்றத்துல எல்லா நாட்டையும் முறை வெச்சு ஆய்வு செய்றப்போ நம்ம பக்கத்து அறிக்கையை அனுப்புறது. இந்தியாவுக்குக் கடைசியா 2022 நவம்பர்ல நடந்துச்சு. தனி அமைப்பு அனுப்பினா 2,815 சொல்தான் அனுமதி. பல அமைப்பு சேர்ந்து அனுப்பினா 5,630. ஆளுக்கொரு லெட்டர்பேடுல தனித்தனியா அனுப்பி, ஒரே விஷயத்தை நாலு பேரும் அரைகுறையா எழுதின கூத்தை நான் பார்த்திருக்கேன்.

*வீட்டுவேலைத் தொழிலாளி, ராயபுரம்: இந்த மாதிரி ஏற்கெனவே யாரும் நடத்தலையா?*

நல்லா கேட்டீங்க. 2003 ஜூன்ல தாய்லாந்து சியாங் மாய் நகரத்துல பல நாட்டு இயக்கங்கள் கூடி, இதே உரிமைகளுக்காக ஒரு சர்வதேச வலையமைப்பைத் தொடங்கினாங்க. உங்க தொழிலுக்கே பன்னாட்டுக் கூட்டமைப்பு இருக்கு. 2013ல உருகுவே நாட்டு மான்டிவிடியோவுல தொடங்கினது. வீட்டுவேலைக்காரங்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட 189ஆவது ஒப்பந்தம் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்தாச்சு, இந்தியா இன்னும் ஏற்கலை. நடைபாதை வியாபாரிகளுக்கு 2002ல தென்னாப்பிரிக்கா டர்பன்ல தொடங்கினது, மீனவர்களுக்கு 1997ல டெல்லியில தொடங்கினதுன்னு வரிசையா இருக்கு. அதுல போய்ச் சேர முடியுமான்னு முதல்ல பார்ப்போம். புது லோகோ வரையணும்னு துடிக்கிற தம்பிங்க கொஞ்சம் பொறுக்கணும்.

*சங்கப் பொருளாளர், கொருக்குப்பேட்டை: வெளிநாட்டு நிதியை நம்ம கணக்குல வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்திடலாமா தோழர்?*

முடியாது தோழர். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தை 2020ல திருத்தினதுக்கு அப்புறம், வாங்குற அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாத்தவே கூடாது. பதிவு இருக்கிற அமைப்புகூட பணத்தை முதல்ல டெல்லியில ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குலதான் வாங்கணும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்னாடி 50 வரைக்கும் விட்டாங்க. நம்ம சங்கத்துக்கு அந்தப் பதிவே கிடையாது. அந்தந்த நாட்டுப் பணம் அந்தந்த நாட்டுலயே இருக்கட்டும். நம்ம செலவு நம்ம சந்தாவுல. போன வருஷச் சந்தா பாக்கி யார் யாருதுன்னு உங்க நோட்டுல இருக்குமே?

*மீனவர், எண்ணூர்: வெளியாளைச் சேர்த்தா அந்நியக் கைக்கூலின்னு பேச மாட்டாங்களா?*

பேசுவாங்க. பெரம்பூர் மில்லுத் தொழிலாளிங்களுக்காக 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்துச்சே, அதோட தலைவர் வாடியா பம்பாய்ப் பார்சிக்காரர். அடுத்த வருஷமே வாஷிங்டன்ல நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போனார். 1923ல சிங்காரவேலர் மெட்ராஸ்ல மே தினம் கொண்டாடினது எந்த நாட்டுப் பழக்கம்? இதையெல்லாம் சொல்லுங்க. ஆனா பேச்சைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம். 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட முகத்துவாரத்துல எண்ணெய் படர்ந்தப்போ, அன்னாடம் எவ்வளவு மீன் பட்டுச்சு, எத்தனை வலை வீணாச்சுன்னு தேதி போட்டு எழுதி வெச்சவங்க எத்தனை பேரு? எழுதி வெச்சிருந்தா யார் கைக்கூலின்னு சொன்னாலும் அதை எடுத்து முன்னால போடலாம்.

*தையல் தொழிலாளி, புளியந்தோப்பு: கூட்டம் இங்கிலீஷ்லதான் நடக்குமா? எத்தனை மணிக்கு?*

ஒருமுறை வெளிநாட்டுல பத்து நிமிஷம் பேசினேன், மொழிபெயர்த்தவர் மூணு வரியில முடிச்சுட்டார். எல்லாரும் கைதட்டினாங்க, எதுக்குன்னு இன்னிக்கும் புரியலை. அதனால மொழிபெயர்ப்பாளர் வெச்ச பிறகுதான் மத்த செலவு. நேரம் சாயங்காலம் ஆறரை. அப்போ நைரோபியில நாலு மணி, மணிலாவுல ஒன்பது, சாவ் பாவ்லோவுல காலை பத்து. ஆறரைக்குக் குழாயில தண்ணி வரும்னு சொல்றவங்க இப்பவே சொல்லிடுங்க.

*பெயர் எழுதவில்லை: வீடு இடிச்சதைப் பத்தி எழுதினா என் பேர் வெளியே வருமா?*

சிறப்பு அறிக்கையாளருக்குப் போற புகார்ல, உங்க சம்மதம் இருந்தாதான் உங்க பேரைச் சேர்ப்போம். மறைச்சு வைக்கச் சொல்லியும் கேட்கலாம். அரசாங்கத்துக்கு அவர் எழுதுற கடிதம் வழக்கமா 60 நாள் கழிச்சு வெளியாகும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.