சூப்பர்சீட் ஆனது ஆர்டரா, ஆளா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு சுற்றறிக்கையில், 'இது முந்தைய சுற்றறிக்கைகள் அனைத்தையும் சூப்பர்சீட் செய்கிறது' என்று இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்கு வந்தால் மச்சான், 'என்னை சூப்பர்சீட் பண்ணிட்டாங்க' என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். அவர் வேலை ஒன்றும் போகவில்லை, அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ரெண்டும் ஒரே வார்த்தைதானா? ரீப்ளேஸ் என்று சொன்னால் போதாதா?
(பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஒரே வார்த்தைதான், மச்சான் புலம்பலிலும் இலக்கணப் பிழை இல்லை. ரீப்ளேஸ் என்றால் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுசை வைப்பது, அவ்வளவுதான். பல்பு ஃபியூஸ் போனால் ரீப்ளேஸ் பண்ணலாம், சூப்பர்சீட் பண்ண முடியாது. சூப்பர்சீடில் பழையது இடத்தைக் காலி பண்ண வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பழைய சுற்றறிக்கையை யாரும் கிழித்துப் போடப் போவதில்லை, ஃபைலில் டேக் கட்டி அப்படியேதான் கிடக்கும், ஆனால் அதைக் காட்டி இனி ஒரு பில்கூட பாஸ் பண்ண முடியாது. லத்தீனில் இதன் வேருக்கு 'மேலே உட்காருவது' என்று பொருள். மச்சான் தலைக்கு மேலே ஒரு ஜூனியர் போய் உட்கார்ந்துவிட்டார், கணக்கு சரியாக இருக்கிறதா!

ஆளை சூப்பர்சீட் பண்ணுவது நம் நாட்டில் பெரிய அரசியலாகவே ஆகியிருக்கிறது. 1973-இல் ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரேயை சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக்கினார்கள், மூன்று பேரும் ராஜினாமா செய்தார்கள். 1977-இல் எச்.ஆர்.கன்னாவைத் தாண்டி எம்.எச்.பேக் என்ற நீதிபதி தலைமை நீதிபதியாக வந்தார், கன்னாவும் விலகினார். எமர்ஜென்சியில் ஆட்கொணர்வு வழக்கில் அரசுக்கு எதிராகத் தனியாகத் தீர்ப்பு எழுதியவர் கன்னா. இதையெல்லாம் இங்கிலீஷ் பேப்பர்கள் சூப்பர்செஷன் என்றுதான் எழுதின. ஆனால் வெளிநாட்டுக்காரர் யாருக்காவது மச்சான் கதையை இப்படியே எழுதிவிடாதீர்கள், ஆளுக்கு வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. கூட்டுறவு சங்கத்தில் ஊழல் என்று நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரைப் போடுகிறார்களே, அதுவும் சூப்பர்சீட்தான்.

ஸ்பெல்லிங்கில் நடுவில் எஸ், சி அல்ல. ப்ரிசீட், கன்சீட் எல்லாம் வேறு வேரிலிருந்து வந்தவை, அதனால்தான் அவற்றில் சி. படித்தவர்களே இதில் சறுக்குவார்கள்.

கேள்வி: இங்கிலீஷ் சமையல் குறிப்பு ஒன்றில் 'சப்ஸ்டிட்யூட் கருப்பட்டி ஃபார் சுகர்' என்று இருக்கிறது. எதைப் போட வேண்டும், எதை விட வேண்டும்?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: 'ஃபார்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் வெளியே போகும். அல்வாக் கடைக்காரர் 'சப்ஸ்டிட்யூட் டால்டா ஃபார் கீ' செய்தார் என்றால், சட்டியில் டால்டா விழுந்தது, நெய் மிச்சம், வாங்கித் தின்ற நமக்குத்தான் நஷ்டம். ரீப்ளேஸ் போட்டு எழுதினால் வரிசை அப்படியே திரும்பிவிடும்: 'ரீப்ளேஸ் கீ வித் டால்டா'. சட்டம் எழுதுகிறவர்கள் இதில் ரொம்ப கறார். 1976-இல் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பின் முகவுரையில் சோஷலிஸ்ட், செக்யூலர் இரண்டையும் சேர்த்தபோது, 'ஃபார்' போட்டுப் பழைய சொற்களைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் புதுச் சொற்களைச் சொல்லி 'ஷல் பி சப்ஸ்டிட்யூட்டட்' என்று முடித்தது.

இப்போது 'சப்ஸ்டிட்யூட் வித்' என்று ரீப்ளேஸ் மாதிரியே பலர் எழுதுகிறார்கள், ஃபுட்பால் செய்திகளில் ரொம்பவே சகஜம். அதைப் படித்தால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் உங்கள் வீட்டில் யாராவது பரீட்சை எழுதுகிறார்கள் என்றால் 'ஃபார்' போட்டே எழுதச் சொல்லுங்கள். உங்கள் சட்டியில் போட வேண்டியது கருப்பட்டி. தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சி, மறக்காமல் வடிகட்டுங்கள், மண் இருக்கும். சீனி டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும்.