பந்தயத் தடம்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் (பார்க்கச் சாதாரணக் கார் போல இருக்கும் பந்தயக் கார்) தொடரான நாஸ்காரில், பீனிக்ஸ் நகரில் பிரிட்டிஷ் ஓட்டுநர் கேத்தரின் லெக் ஓட்டிய பந்தயத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

கே: நாற்பத்து நான்கு வயதில் முதல் நாஸ்கார் கோப்பைப் பந்தயம், அதிலும் இரண்டு முறை சுழன்று இன்னொருவர் காரையும் கெடுத்துவிட்டார். இவருக்கு எதற்கு இந்த வாய்ப்பு? (வாசகர், கரூர்)

சுழன்றது உண்மை. 2025 மார்ச் 9, பீனிக்ஸ், 78ஆம் எண் ஷெவர்லே. ஆரம்பத்திலேயே ஒரு முறை தானாகச் சுழன்றார். 215ஆம் சுற்றில் மறுபடியும் சுழன்றபோது டேனியல் சுவாரெஸின் காரும் மாட்டிக்கொண்டது. கடைசியில் 30ஆவது இடம். அது நல்ல ஓட்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காரில் அவர் எவ்வளவு நேரம் பழகியிருந்தார் என்று கேளுங்கள். கொஞ்ச நேரப் பயிற்சி, தகுதிச்சுற்று, அப்புறம் நேராகப் பந்தயம். அவரைச் சுற்றி ஓடியவர்களில் பலர் பத்து வயதிலிருந்து இதே மாதிரி வட்டத் தடங்களில் வளர்ந்தவர்கள். 2018இல் டானிகா பேட்ரிக் விலகிய பிறகு, கோப்பைப் பந்தயத்தில் ஒரு பெண் ஓட்டியது அன்றைக்குத்தான். ஏழு வருடம் காலியாகக் கிடந்த இடத்தில் வந்து நின்றவரை முதல் நாள் மதிப்பெண்ணை வைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

கே: அவருக்கு முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? பணக்காரக் குடும்பமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

நீங்கள் கேட்டதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தின் கில்ட்ஃபோர்டில் 1980இல் பிறந்தவர். கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் தொடங்கி சின்ன ஃபார்முலா கார்கள் வரை வந்தார். வேகம் இருந்தது, காசு இல்லை. 2004 வாக்கில் ஓட்ட இடமே இல்லாமல் நின்றுபோனது. அந்தச் சமயத்தில் எஞ்சின் தயாரிக்கும் காஸ்வொர்த் நிறுவனத்தை கெவின் கால்க்கோவன் என்ற தொழிலதிபர் வாங்கியிருந்தார். அமெரிக்காவின் சாம்ப் கார் பந்தயத் தொடரின் உரிமையாளர்களிலும் அவர் ஒருவர். லெக் நேரே காஸ்வொர்த் அலுவலகத்துக்குப் போய், அவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரும் பார்த்தார். அங்கிருந்து அமெரிக்காவில் டொயோட்டா அட்லாண்டிக் தொடரில் ஓர் இருக்கை கிடைத்தது.

2005 ஏப்ரல், லாங் பீச். அந்தத் தொடரில் அவருடைய முதல் பந்தயம். அதையே ஜெயித்தார்! அந்த வருடம் எட்மண்டன், சான் ஹோசே என்று இன்னும் இரண்டு வெற்றி. தொடரின் முடிவில் மூன்றாவது இடம்.

உட்கார்ந்தது மட்டும் போதாது தங்கச்சி, கிடைத்த காரில் ஜெயிக்கவும் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கதவு ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. 2012இல் அமெரிக்காவின் முக்கிய ஃபார்முலா கார் தொடரான இண்டிகாரில் இருந்தார். அணிக்குக் கிடைத்த ஷெவர்லே எஞ்சின் ஒரு காருக்குத்தான் போதும் என்று ஆனதும், வட்டத் தடங்களில் லெக், மற்ற தடங்களில் செபாஸ்டியன் போர்டே என்று ஒரே காரைப் பங்கு போட்டு ஓட்டினார்கள். ஜெர்மனியில் டிடிஎம் கார் பந்தயத் தொடர், மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ, அகூரா என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் என்று எங்கே இடம் இருந்ததோ அங்கேயெல்லாம் போனார். 2024 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவர் காரின் முக்கிய விளம்பரதாரர் ஒரு அழகுசாதன நிறுவனம். நாஸ்காருக்கும் அதே நிறுவனம் கூட வந்தது. எஞ்சின் எண்ணெய்க் கம்பெனிகள் வராத இடத்தில் லிப்ஸ்டிக் கம்பெனி வந்தது என்றால், அந்தக் கம்பெனிக்கு என் மரியாதை.

கே: ஃபார்முலா 1 ஓட்டியிருக்கிறாரா? (வாசகர், ஈரோடு)

பந்தயம் இல்லை, சோதனை ஓட்டம். 2005 நவம்பரில் இத்தாலியின் வல்லேலுங்கா தடத்தில் மினார்டி அணியின் கார். முதல் நாள் சில சுற்றுகளிலேயே தடுப்பில் மோதினார். மறுநாள் திரும்ப வந்து ஓட்டினார்.

கே: ஸ்டாக் காருக்குக் கதவே கிடையாதாமே? விபத்து நடந்தால் எப்படி வெளியே வருவார்கள்? (வாசகி, திண்டுக்கல்)

கதவு மாதிரித் தெரியும், திறக்காது. ஜன்னல் வழியாகத்தான் காலை உள்ளே விட்டு இறங்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்தால்தான் உள்ளே போகவே இடம். ஜன்னலில் பட்டை நாடாவால் பின்னிய வலை ஒன்று இருக்கும். கார் மோதி நின்றதும் எல்லார் கண்ணும் அந்த வலை மேல்தான். ஓட்டுநர் அதை உள்ளிருந்து அவிழ்த்துக் கீழே விட்டால் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று அர்த்தம்.

நான் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பல வருடம் மார்ஷலாகக் கொடி பிடித்தவன். அங்கே ஓடியவை பெரும்பாலும் ஃபார்முலா கார்கள், வலை கிடையாது. ஹெல்மெட் அசைகிறதா என்று பார்ப்போம். அந்த இரண்டு மூன்று நொடி இருக்கிறதே, கையில் பிடித்திருக்கும் கொடிக்கம்பு வியர்வையில் வழுக்கும்.

அதனால்தான் லெக்கின் 2006 விபத்துக் காட்சியை என்னால் இன்றும் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை. விஸ்கான்சினில் ரோடு அமெரிக்கா தடம். அதிவேகமான ‘கிங்க்’ வளைவில் பின் இறக்கை உடைந்து, கார் வேலியில் மோதிச் சிதறியது. கடைசியில் மிஞ்சியது ஓட்டுநர் உட்காரும் கூடு மட்டும்தான். அதிலிருந்து எழுந்து நடந்து வந்தார். 12 வருடம் கழித்து, 2018இல், அதே தடத்தில் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான எக்ஸ்ஃபினிட்டியில், ஸ்டாக் காரில் 14ஆவதாக வந்தார். என்னைக் கேட்டால், அவருடைய எல்லா முடிவுகளிலும் மேலானது அந்த 14தான்.

2020 ஜூலையில் பிரான்ஸின் பால் ரிக்கார் தடத்தில் காலும் மணிக்கட்டும் உடைந்தன. அடுத்த ஜனவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் இருந்தார்.

கே: ஃபார்முலா கார் ஓட்டியவருக்கு இது ஏன் அவ்வளவு கஷ்டம்? நம்ம நாராயண் கார்த்திகேயனும் போனாரே? (வாசகர், கோயம்புத்தூர்)

போனார். 2010இல் நாஸ்காரின் டிரக் தொடர். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில், ஒரு சுற்றே 850 மீட்டர் இருக்கும் குட்டித் தடம். 13ஆவதாக முடித்தார், நல்ல தொடக்கம்.

எடைதான் முதல் சங்கடம். ஸ்டாக் கார் இண்டிகாரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், டயரின் பிடிப்போ குறைவு. ஃபார்முலா கார் வேகம் கூடக் கூடத் தரையோடு ஒட்டும். இது பின்பக்கம் நழுவிக்கொண்டே போகும். அந்த நழுவலோடு வாழப் பழக வேண்டும். பீனிக்ஸில் லெக் அந்த நழுவலில்தான் தோற்றார்.

கே: பிரிட்டனில் ஸ்டாக் கார் பந்தயமே கிடையாதா? (வாசகர், மதுரை)

நிறைய உண்டு, ஆனால் பெயர்தான் ஒன்று. 1954இல் லண்டனின் நியூ கிராஸ் அரங்கில் தொடங்கியது. சின்ன நீள்வட்டத் தடம், இரும்பு பம்பர், வேண்டுமென்றே இடித்துத் தள்ளலாம், விதியே அனுமதிக்கிறது. ஓட்டுநரின் தரத்தைக் காரின் கூரை நிறம் சொல்லிவிடும்: வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று ஏறும். உலகச் சாம்பியனுக்குத் தங்க நிறக் கூரை. லெக் வந்த வழி அதுவல்ல.

கே: இவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் படித்தேன். எதற்காக? (வாசகி, தஞ்சாவூர்)

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ராக்கிங்ஹாமில் எக்ஸ்ஃபினிட்டி பந்தயம். பின்னாலிருந்து தட்டுப்பட்டு லெக்கின் கார் குறுக்கே திரும்பியது, அதில் வந்து மோதியவர் கேசி கேன். பல வருடம் கழித்துத் திரும்பி வந்த ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவ்வளவுதான், கொலை மிரட்டலும் ஆபாசமும் குவிந்தன. லெக்கே அதைத் தன் ஒலிப்பதிவு (பாட்காஸ்ட்) நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். வாரா வாரம் யாராவது யாரையாவது இடிக்கிற பந்தயம் இது. இடித்த ஆண்களுக்குத் திட்டு விழும், அதோடு போகும். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இது? எனக்கு ஆறவே இல்லை.

அவர் நிறுத்தவில்லை. ஜூலை 6, சிகாகோ தெருப் பந்தயம்: 19ஆவது. ஜூலை 12 அவருடைய நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். ஜூலை 27, இண்டியானாபொலிஸில் பிரிக்யார்டு 400: 17ஆவது.

கே: அவர் ஓட்டியதில் உங்களுக்குப் பிடித்த கார்? (வாசகர், சேலம்)

டெல்டாவிங். அம்பு முனை மாதிரி உடல், முன்சக்கரங்கள் வெறும் 10 சென்டிமீட்டர் அகலம். 2016 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் லெக் அதைப் பெரிய அணிகளுக்கெல்லாம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் இறங்கி இன்னொருவர் ஓட்டும்போது, தடத்தில் பழுதாகி நின்ற ஒரு கார் மேல் மோதியது. அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.