நெஞ்சைத் தட்டி, கேட்டு: நுரையீரல் பரிசோதனை பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலும் நிமோனியா என்றாலும் தட்டினால் மந்தமாகத்தானே கேட்கிறது டாக்டர்? எப்படிப் பிரிப்பது? (இறுதியாண்டு மாணவி)

தட்டுவதோடு நிறுத்தினால் கஷ்டம்தான் அம்மா. நீர் இருந்தால் மந்தம் கூடுதலாக இருக்கும். காதைவிட, நெஞ்சில் பதித்திருக்கும் விரலுக்கு அது முதலில் தெரியும், கல்லைத் தட்டியது போல. அப்புறம் ஸ்டெத்தை வைத்து நோயாளியை "ஒண்ணு ஒண்ணு ஒண்ணு" சொல்லச் சொல்லுங்கள். நிமோனியாவில் இறுகிய நுரையீரல் குரலைத் தெளிவாகக் கடத்தும். நீர் இருந்தால் குரல் மங்கிவிடும். கழுத்துக் குழியில் விரல் வைத்து மூச்சுக்குழாயையும் பாருங்கள். நீர் நிறைய இருந்தால் அது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நுரையீரல் சுருங்கியிருந்தால் அதே பக்கம் இழுபடும். நிமோனியாவில் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். இடது, வலது இரண்டையும் ஒரே உயரத்தில் மாற்றி மாற்றிப் பார்க்காமல் எதையும் எழுதிவிடாதீர்கள்.

எக்ஸ்ரே இருக்கும்போது இன்னும் தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா சார்?

தட்டிப் பார்க்கும் முறையை ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருகர் புத்தகமாக வெளியிட்டது 1761-ல். பழசுதான். ஆனால் நெஞ்சுக்குள் காற்று அடைத்து, ஒரு பக்கம் அசையாமல், தட்டினால் அதிகமாக முழங்கி, மூச்சொலியும் இல்லாமல், ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்றால் படம் வரும்வரை காத்திருக்க முடியாது. உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. மூச்சு வேகமா இல்லையா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம்தான், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40, இரண்டு மாதத்துக்குள் 60. மூச்சை இழுக்கும்போது கீழ் நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கிளம்புங்கள்.

அப்பாவுக்கு ஆஸ்துமா. திணறல் அப்படியே இருக்கிறது, வீசிங் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. குறைகிறதுதானே?

இல்லை, இது ஆபத்து. சத்தம் வரவே காற்று ஓட வேண்டும். அதுவும் ஓடாததால்தான் நெஞ்சு மௌனமாகிறது. பேச முடியவில்லை, அசந்துபோகிறார் என்றால் இன்னும் மோசம். இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சட்டைக்கு மேல் ஸ்டெத் வைக்கலாமா?

வேண்டாம். துணி உரசுவதே கரகரப்பாகக் கேட்கும். நெஞ்சில் முடி இருந்தாலும் அப்படித்தான். முடியை லேசாக ஈரப்படுத்தி, ஸ்டெத்தை அழுத்தி வையுங்கள்.