அப்பா ஏன் பின்பக்கத்தைப் பார்த்தார்?

கேள்வி: ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்), சிமென்ட், மில் கழிவு நூல் இவற்றில் கலை நகைகள் செய்து ஆன்லைனில் விற்கிறேன். தோட்டின் ஆணி கழன்றுவிட்டது என்று அவ்வப்போது சிலர் திருப்பி அனுப்புவார்கள், வேறு செய்து கொடுத்துவிடுவேன். அப்பா 40 வருடம் தங்க நகை வேலை பார்த்தவர். மெஷின் நகை வந்தபின் ஆர்டர் இல்லாமல் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் என் தோட்டைக் காட்டினேன். முன்பக்கத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் திருப்பி, ‘ஆணி எப்படிம்மா நிக்குது?’ என்று மட்டும் கேட்டார். மனசு விட்டுப்போச்சு. தங்கம்தான் நகை என்று நினைப்பவர்களோடு எப்படி இருப்பது? பெங்களூருக்குப் போய்விடலாமா?
- வாசகி, கோவை

பதில்: வீட்டில் மதிப்பில்லை என்று எழுதும் கலைஞர்கள் நிறையப் பேர். எல்லோரும் எதிர்பார்ப்பது ஆறுதல். உங்களுக்கு அது தேவையில்லை. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி போதும்: அப்பா தோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

நகை வேலை தெரிந்தவர் கை பின்பக்கத்துக்குத்தான் போகும். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடம் சுத்தமாக இருக்கிறதா, திருகாணியின் மரை பிடிக்கிறதா, எல்லாம் அங்கேதான் தெரியும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தால் “நல்லாருக்கும்மா” என்று சொல்லிக் கீழே வைத்திருப்பார். நகையாக மதித்ததால்தான் ஆணியைக் கேட்டார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை.

பதில் இல்லாததால்தானே நகைகள் திரும்பி வருகின்றன? காசு கொடுத்து வாங்கியவர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய் ஒற்றைத் தோட்டோடு வீடு திரும்பியிருக்கிறார். அதை ‘அவ்வப்போது’ என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். இது சரியில்லை அம்மா.

வழவழப்பான ரெசின் முதுகில் உலோகத் தட்டைப் பசையால் ஒட்டினால் வியர்வையிலும் இழுப்பிலும் விட்டுவிடும். கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து, ரெசின் இறுகுமுன் உள்ளே பதித்தால் பிடுங்கிக்கொண்டு வராது. துளைபோட்டுக் கம்பியைச் செலுத்தி, மறுபுறம் தட்டி ரிவெட் அடிக்கலாம். சிமென்டுக்குள் அலுமினியக் கம்பி ஆகாது, ஈரச் சிமென்டின் காரம் அரித்துவிடும். வெள்ளிக் கம்பியை எந்தக் கனத்துக்கு இழுப்பது, எங்கே வளைப்பது என்பதெல்லாம் உங்கள் அப்பாவின் விரலுக்குத் தெரியும். அதே வீட்டில் இருந்துகொண்டு அவரிடம் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள்.

தங்கம்தான் நகையா என்று கேட்டவர்கள் யார்? 1967-ல் நெதர்லாந்தில் கைஸ் பாக்கர் அலுமினியக் குழாயைக் கழுத்தணியாக வளைத்தார். அவர் நகைத் தொழிலை முறையாகப் படித்தவர். 1980-ல் ஓட்டோ குன்ஸ்லி ஒரு தங்கக் குண்டைக் கறுப்பு ரப்பருக்குள் மறைத்து, கையில் அணியும் வளையம் செய்தார். ‘தங்கம் கண்ணை மறைக்கும்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவருக்கு மியூனிக்கில் ஆசிரியராக இருந்த ஹெர்மன் யுங்கர் ஒரு பொற்கொல்லர். தங்கத்தைக் கேள்வி கேட்ட இவர்கள் யாரும் பட்டறையைத் துச்சமாக நினைக்கவில்லை.

அப்பா பக்கமும் தப்பு உண்டு. நீங்கள் மகனாகப் பிறந்திருந்தால் சின்ன வயதிலேயே பட்டறையில் உட்கார வைத்து ஊதுகுழலைக் கையில் கொடுத்திருப்பார். பெண் என்பதால் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் அநியாயம் இது. அதற்காக இப்போது அவர் தானாக நீட்டும் கையைத் தட்டிவிடலாமா? வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கைவினைஞரைச் சும்மா விட்டுவைப்பது பிள்ளைகள் செய்யக்கூடாத காரியம் என்பதுதான் என் எண்ணம். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது.

பெங்களூர் யோசனையைத் தள்ளி வையுங்கள். ஆணியின் பலவீனம் உங்களோடு பஸ் ஏறி அங்கேயும் வரும். திரும்பி வந்த தோடுகளை எடுத்து அப்பா முன்னால் வையுங்கள். எதனால் கழன்றது என்று கேளுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். அப்புறம் அவர் பார்க்கும் வேலைக்குக் கூலி போட்டு, அதை நகையின் விலையிலேயே சேருங்கள். அப்பாதானே என்று இனாமாக வாங்கிக்கொள்ளாதீர்கள்.