பாக்ஸ்6: தலை முழுக்க ஊதா, கண்ணில் மட்டும் நிறமில்லை

கேள்வி: புதுச்சேரி காலாப்பட்டில் முதுகலை ஆய்வு செய்கிறேன். 9.5 நாள் சுண்டெலிக் கருவில், கண் வளர்ச்சிக்கு முக்கியமான பாக்ஸ்6 மரபணு எங்கே வெளிப்படுகிறது என்று முழுக் கரு இன் சிட்டு முறையில் (மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. உள்ள இடத்தில் ப்ரோப் என்னும் ஆர்.என்.ஏ. துண்டை ஒட்டவைத்து, கருவை வெட்டாமலே நிறமாகக் காட்டும் முறை) பார்க்கிறேன். தலை முழுவதும் ஊதாவாகிறது; எதிலும் ஒட்டக்கூடாத, ஒப்பீட்டுக்கான சென்ஸ் ப்ரோப் போட்ட கருவும் அப்படித்தான். லென்ஸ் உருவாகும் இடத்தில் நிறமே இல்லை. வெளிநாட்டு ஆய்வகத்தின் செய்முறையை வரி பிசகாமல்தான் செய்தேன். எங்கே தவறு?

பதில்: முதலில் நடுமூளையைப் பாருங்கள். இந்தப் பருவத்தில் பாக்ஸ்6 முன்மூளையிலும் கண்குமிழிலும் இருக்கும்; பின்மூளையில் தொடங்கித் தண்டுவடம் நெடுகிலும் ஓடும். இடைப்பட்ட நடுமூளையில் இருக்காது. முன்மூளை முடிகிற எல்லையில் நிறம் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். உங்கள் கருவில் அங்கும் ஊதா என்றால், அது மரபணுவின் நிறமல்ல. மூளையின் உட்குழிவில் ப்ரோப்போ, அதைப் பற்றி நிறமேற்றும் எதிர்ப்பொருளோ தேங்கி நின்ற நிறம். சென்ஸ் கருவும் ஊதாவாவது இதைத்தான் காட்டுகிறது.

இரண்டில் எது தேங்குகிறது என்று அறிய, ப்ரோப் இல்லாமல் எதிர்ப்பொருள் மட்டும் போட்ட ஒரு குழாயைக் கூடவே ஓட்டுங்கள். அதுவும் ஊதாவானால் எதிர்ப்பொருள் பக்கத்தில் குறை: எதிர்ப்பொருளுக்குப் பிந்தைய கழுவலை 4 டிகிரியில் ஒரு நாள் முழுக்க நீட்டுங்கள், கருவிலேயே உள்ள நொதி நிறம் தருவதைத் தடுக்க 2 மில்லிமோலார் லெவாமிசோல் சேருங்கள். அது வெளுப்பாகவே இருந்தால் தேங்குவது ப்ரோப். எதுவானாலும் வழி திறந்துவிட வேண்டும். கருவை மெத்தனாலில் நீர்நீக்கும் முன்பே, பின்மூளையின் மெல்லிய கூரையை நுண்ணூசியால் கிழித்துவிடுங்கள். இதய உறையையும் திறங்கள். கருவைச் சுற்றிய சவ்வான ஆம்னியானின் துணுக்கு ஒட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள். ப்ரோப்பை ஜெல்லில் ஓட்டி ஒரே பட்டையாக இருக்கிறதா என்று பார்த்து, மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் வரை போதும் என்று நிறுத்துங்கள். நிறம் வரவில்லையே என்று ப்ரோப்பைக் கூட்டினால் தலைதான் இன்னும் கறுக்கும்.

லென்ஸ் நிறம் காணாமல் போவது வேறு கோளாறு. இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர் வெயில். செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுகிறவர்கள் 20, 22 டிகிரியை நினைத்து எழுதுகிறார்கள். மே மாதம் குளிர்சாதனம் நின்றுபோன அறை 32 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில், ப்ரோப் உள்ளே நுழைய வழிசெய்யப் போடும் புரதச் செரிப்பு நொதியான புரோட்டினேஸ் கே வேகம் பிடித்து, கருவின் மேல்தோலைத் தின்றுவிடுகிறது. லென்ஸ் எழுவதே அந்த மேல்தோலிலிருந்துதான். தோல் போனால் அதிலிருந்த ஆர்.என்.ஏ.வும் போயிற்று. வால் நுனி பிய்ந்து தொங்குகிறதா என்றும் கவனியுங்கள். அதே காரணம்.

இந்த நொதியை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவில், 22 டிகிரிக்குக் குளிர்வித்த நீர்த்தொட்டியில் குழாயை வைத்துச் செய்யுங்கள். 9.5 நாள் கருவுக்கு வழக்கமாகச் சொல்வது சுமார் 10 நிமிடம். ஆனால் நொதியின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறும். ஆகவே ஒரே ஈற்றுக் கருக்களைப் பிரித்து 4, 7, 10 நிமிடம் என்று ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. நேரம் முடிந்ததும் கிளைசின் கலந்த கரைசலில் நிறுத்தி, தாமதிக்காமல் 4 சத பாராஃபார்மால்டிஹைடு, 0.2 சத குளுட்டரால்டிஹைடு கலவையில் 20 நிமிடம் மறுபடி நிலைப்படுத்துங்கள். இந்த இடைவெளியில் கரு குழைந்திருக்கும், குழாயை உலுக்காதீர்கள்.

ப்ரோப்பைக் கருவில் ஒட்டவைக்கும் ஹைபிரிடைசேஷன் இரவில் மின்சாரம் போனால், 70 டிகிரியில் நிற்க வேண்டிய சூடு இறங்கி, ப்ரோப் கண்ட இடத்தில் ஒட்டும். அடுப்பு யு.பி.எஸ். இணைப்பில் இருக்கட்டும். கழுவும் கரைசல்களையும் முன்கூட்டியே சூடாக்கி ஊற்றுங்கள். நிறமேற்றும் கரைசலையும் வெயில் விட்டுவைக்காது: 25 டிகிரியில் பி.எச். 9.5 என்று சரிசெய்த டிரிஸ் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்), 33 டிகிரியில் ஏறக்குறைய 9.3க்கு இறங்கிவிடும். பயன்படுத்தும் சூட்டிலேயே பி.எச். பாருங்கள். மக்னீசியம் படிந்து கலங்கும் என்பதால் அன்றன்றே தயாரியுங்கள். சூட்டில் நிறம் வேகமாக ஏறும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, சென்ஸ் குழாயையும் அதே நிமிடத்தில் நிறுத்தினால்தான் ஒப்பீடு செல்லும்.

கருவின் வயதை நாளை மட்டும் வைத்து எழுதாதீர்கள். ஒரே ஈற்றிலேயே கருக்கள் முன்பின்னாக இருக்கும். முதுகில் இருபுறமும் ஜோடியாக அமையும் திசுக் கட்டிகளான சோமைட்டுகளை ஜோடி ஜோடியாக எண்ணுங்கள், 9.5 நாளுக்கு ஏறத்தாழ 21 முதல் 29 வரை இருக்கும். எண்ணிக்கை குறைந்த கருவில் லென்ஸ் தடிப்பு இன்னும் தெளிவாகியிருக்காது. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐயம் தீரவில்லையென்றால் 10.5 நாள் கரு ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள், அதில் லென்ஸ் உள்மடிந்து தனியாகத் தெரியும். ப்ரோப் அல்லாத மற்றவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க பிராக்கியூரி என்னும் மரபணுவின் ப்ரோப் சிறந்த துணை: 9.5 நாளில் நோட்டோகார்டும் (கருவின் முதுகுநாண்) வால் அரும்பும் மட்டும் நிறமேறும்.

ஆய்வேட்டில் எழுதும்போது ஒன்று: இந்த முறை காட்டுவது தூது ஆர்.என்.ஏ.வை. பாக்ஸ்6 புரதம் எந்தச் செல்லின் உட்கருவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதே சோமைட் எண்ணிக்கையுள்ள கருவை வெட்டி எதிர்ப்பொருள் கொண்டு தனியாகச் சாயமேற்றியாக வேண்டும்.