வாசகர் கேள்வி – பதில்: பள்ளி விவாத மேடை

தொடக்கப்பள்ளியிலிருந்தே தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி வருகிறேன். இந்த ஆண்டு பள்ளியின் ஆங்கில விவாதக் குழுவில் இரண்டாவது பேச்சாளராகச் சேர்ந்தேன். முதல் போட்டியிலேயே மூவரில் எனக்குத்தான் குறைந்த புள்ளி. உச்சரிப்பில் யாரும் குறை சொல்லவில்லை. எங்கே தவறு?
– படிவம் 4 மாணவி, பட்டர்வொர்த்

எதிரணி வாயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் ஏழு நிமிடத்தையும் எழுதி முடித்திருப்பீர்கள். பேச்சுப் போட்டியில் அது நியாயம்தான். மனனம் செய்த உரையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னால் போதும், முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. விவாதத்தில் நடுவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

நம் மலேசியப் பள்ளிகளில் அதிகம் புழங்கும் ஆசிய நாடாளுமன்ற முறையில் அணிக்கு மூவர், ஆளுக்கு 7 நிமிடம், இறுதியில் அணிக்கு ஒரு முடிவுரை 4 நிமிடம். பொதுவான புள்ளிப் பங்கீடு உள்ளடக்கத்துக்கு 40, நடைக்கு 40, அமைப்புக்கு 20. குரல், உச்சரிப்பு, கண்பார்வை எல்லாம் அந்த நடை 40-க்குள் அடங்கிவிடும். எதிரணியைத் தொடாத பேச்சு மீதி 60-இல் அடி வாங்கும்.

தீர்மானத்தை ஆதரிக்கும் அரசுத் தரப்பின் முதல் பேச்சாளருக்கு மட்டும்தான் மறுக்க ஒன்றும் இருக்காது. அவர் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் தீர்மானத்தை வரையறுத்துவிட்டு வாதங்களுக்குப் போகலாம். இரண்டாவது பேச்சாளரான நீங்கள் முதல் இரண்டு, இரண்டரை நிமிடத்தை மறுப்புக்கு ஒதுக்க வேண்டும். மூன்றாவது பேச்சாளரான கொறடாவுக்கு ஏறக்குறைய முழு நேரமும் மறுப்புதான்; அவர் புத்தம் புதிய வாதத்தோடு வந்தால் நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

மறுப்பு என்றால் என்ன? ‘ஜார்ஜ்டவுன் மரபுடைமைப் பகுதிக்குள் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டும்’ என்று தீர்மானம் இருக்கிறது, நீங்கள் அரசுத் தரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘லிட்டில் இந்தியா கடைக்காரர்களின் வியாபாரம் படுத்துவிடும்’ என்கிறது எதிரணி. ‘அப்படியெல்லாம் ஆகாது, சுற்றுப்பயணிகள் நிறைய வருவார்கள்’ என்று நீங்கள் சொன்னால், அவர்கள் ஒன்றைச் சொன்னார்கள், நீங்கள் ஒன்றைச் சொன்னீர்கள், அவ்வளவுதான். நடுவரால் இரண்டையும் ஏற்க முடியாது, தள்ளவும் முடியாது.

முதலில் அவர்கள் வாதத்தைத் திரிக்காமல் ஒரே வாக்கியத்தில் திரும்பச் சொல்லுங்கள். பிறகு அது எந்தக் காலில் நிற்கிறது என்று காட்டுங்கள். வாங்க வருகிறவர் கடைவாசல்வரை காரில் வருகிறார் என்பதை அவர்கள் நிரூபிக்கவில்லை, சும்மா எடுத்துக்கொண்டார்கள். அடுத்து காரணம்: லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு, பலர் இப்போதே தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறார்கள், நகர மையத்தைச் சுற்றிக் கட்டணமில்லாத கேட் பேருந்தும் ஓடுகிறது. கடைசியாக ‘அப்படியே கொஞ்சம் வியாபாரம் குறைந்தாலும்’ என்று தொடங்கி எடை போடுங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தத் தெருக்களைப் பார்க்கத்தான் வெளியூர்க் கூட்டம் வருகிறது, தெரு நெரிசலில் மூச்சுத் திணறினால் அந்தக் கூட்டமே கரையும் என்று முடிக்கலாம். இந்த நான்கு படியும் முக்கால் நிமிடத்தில் அடங்கும். மூன்று மறுப்பு செய்தால் உங்கள் பங்கு நிறைந்துவிடும்.

எதிரணி கெட்டிக்காரர்களாக இருந்தால் தீபாவளிக்கு நாலு பை துணியும் பலகாரப் பொருளும் வாங்கிக்கொண்டு பாட்டியையும் கூட்டிவரும் குடும்பத்தைக் காட்டுவார்கள். அதற்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும்.

என் மகன் இணையத்தில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் விவாதத்தைப் பார்த்துவிட்டு, அவர்களைப் போலவே மூச்சுவிடாமல் படுவேகமாகப் பேசப் பழகுகிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவருக்குப் புரியுமா?
– ஒரு தாய், செந்தூல்

கோலாலம்பூரில் புரியாது. புரிந்தாலும் நடைப் புள்ளியைக் குறைப்பார்.

தம்பி பார்ப்பது அங்கே ‘பாலிசி’ என்று சொல்லப்படும் பிரிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் பேச்சு, விவாதப் போட்டிகளுக்கான தேசியச் சங்கம் 1925-இல் தொடங்கியது. அதன் போட்டிகளில் பல பிரிவுகள் உண்டு. பாலிசியில் அணிக்கு இருவர். ஆண்டு முழுவதும் ஒரே தலைப்பு. முதல் உரைகள் 8 நிமிடம், மறுப்புரைகள் 5, இடையே குறுக்கு விசாரணை 3. தலைப்பு ஒன்றே என்பதால் இரு பக்கமும் மாதக்கணக்கில் சான்றுகளைத் திரட்டி வைத்திருப்பார்கள். பதில் சொல்லாமல் விட்ட வாதத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கிடுவது அங்கே வழக்கம். அதனால் எட்டு நிமிடத்தில் எத்தனை வாதத்தைத் திணிக்க முடியுமோ அத்தனையும் லாபம். நிமிடத்துக்கு 300 சொல்லைத் தாண்டும் வேகம் அப்படித்தான் வந்தது. கேட்கும் நடுவரும் அதில் பழகியவர். படிக்கப்படும் சான்றுகள் பல நேரம் அவர் மடிக்கணினியிலேயே இருக்கும். பொதுமக்களில் ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும்படி ‘பப்ளிக் ஃபோரம்’ என்ற பிரிவை 2002-இல் கொண்டுவந்தார்கள். பார்ப்பதானால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே தீர்மானம் கைக்கு வந்து அரை மணி நேரத்தில் மேடை ஏற வேண்டும். நடுவர், நாளிதழ் படிக்கும் ஒரு சராசரி மனிதரின் இடத்திலிருந்து கேட்கக் கடமைப்பட்டவர். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் போதும். ஏழு நிமிடத்துக்கு ஆயிரம் சொல் தேறும், இரண்டு வாதத்தை முழுமையாக விளக்க அது தாராளம். தம்பி பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து நீங்கள் ஒருமுறை கேளுங்கள். அவர் சொன்ன இரண்டு காரணங்களை உங்களால் தமிழில் திருப்பிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி.

அந்த அமெரிக்கப் பிள்ளைகளிடம் வேகத்தைவிடக் கற்க வேண்டியது குறிப்பெடுப்பு. கீழே கெப்போங் ஆசிரியருக்கான பதிலில் அதை விளக்கியிருக்கிறோம்.

தமிழ் விவாதத்தில் செய்யுள், பழமொழி சொன்னால் புள்ளி கூடுமா?
– படிவம் 2 மாணவர், பிறை

நடையில் ஓர் அரைப் புள்ளி கூடலாம். வாதமாக அது செல்லாது. ‘முன்னோர் சொன்னார்கள்’ என்பதற்கு எதிரணி இன்னொரு முன்னோரைக் கொண்டுவந்து நிறுத்தும். நம்மிடம் எல்லாப் பக்கத்துக்கும் பழமொழி உண்டு. செய்யுளும் மொழியணியும் தேர்வுத் தாளில் பொருளோடு எழுதினால் போதும், இங்கே ‘ஏன் அப்படி’ என்பதையும் நீங்களேதான் சொல்ல வேண்டும். ஓர் உரைக்கு ஒரு மேற்கோள், அதுவும் 10 வினாடிக்குள். பட்டிமன்றப் பாணிச் சிரிப்புத் துணுக்குக்கும் இதே அளவுதான்.

எங்கள் பள்ளியில் விவாதக் குழு இல்லை. ஆர்வமுள்ள எட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். பணமும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. எப்படித் தொடங்குவது?
– இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், கெப்போங்

எட்டுப் பேர் அருமையான எண்ணிக்கை, ஐயா. மூன்றுக்கு மூன்று என ஆறு பேர் விவாதிக்க, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் நடுவராக உட்காரலாம். ஒவ்வொரு வாரமும் இடம் மாற வேண்டும். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்த மாணவர்தான் அடுத்த வாரம் தெளிவாகப் பேசுவார். அதனால் ‘நன்றாகப் பேசத் தெரியாதவனை நடுவராக்கு’ என்ற வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

பயிற்சியைத் தொடங்குமுன் போகப்போகும் போட்டியின் விதிமுறைக் கையேட்டை வாங்கிவிடுங்கள். கல்வி அமைச்சின் போட்டிகள் ஒரு பக்கம், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் திறந்த போட்டிகள் இன்னொரு பக்கம், முறைகள் ஒன்றல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையில் ஒரே அறையில் நான்கு அணி, அணிக்கு இருவர், தயாரிப்புக்கு 15 நிமிடம்தான். உலகப் பள்ளிகள் முறையில் உரை 8 நிமிடம், சில தீர்மானங்கள் முன்கூட்டியே வரும், மற்றவற்றுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒன்றுக்குப் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போய் நிற்கும் குழுக்கள் முதல் சுற்றிலேயே தடுமாறுவது சகஜம்.

செலவு என்று பார்த்தால் ஏ3 தாள் ஒரு கட்டு, நீலம் சிவப்பு பேனா, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. தாளை அகலவாட்டில் வைத்து மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் எட்டுப் பத்தி விழும்: ஆறு உரை, இரண்டு முடிவுரை. நம் பக்கத்தை நீலத்திலும் எதிர்ப்பக்கத்தைச் சிவப்பிலும் எழுதி, ஒரு வாதத்துக்கு அடுத்த பத்தியில் பதில் வந்தால் அம்புக்குறி போட வேண்டும். சிவப்பு வரி ஒன்றுக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் அதை நாம் இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். அடுத்த பேச்சாளரின் வேலை அது. முழு வாக்கியமாக எழுதத் தொடங்கும் மாணவர் இரண்டாவது நிமிடத்திலேயே பின்தங்கிவிடுவார். மூன்று நான்கு சொல்லில் காரணத்தை மட்டும் பிடிக்கப் பழக்குங்கள். செய்தி அறிக்கையை ஒலிக்கவிட்டுப் பத்து நிமிடம் குறிப்பெடுக்க வைப்பது நல்ல பயிற்சி.

நேரம் பார்ப்பவர் 1-ஆவது நிமிடத்தில் மேசையை ஒருமுறை தட்ட வேண்டும், 6-இல் ஒருமுறை, 7-இல் இருமுறை. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் இடையில்தான் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம். கேள்வி 15 வினாடியைத் தாண்டக்கூடாது. ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோ ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றுகூட ஏற்காதவரைப் பயந்தவர் என்றே நடுவர் எழுதுவார். ஒரு வாதத்தை முடித்துவிட்டு ஏற்பது நல்லது. பாதியில் ஏற்றால் நூல் அறுந்துவிடும். 7 நிமிடம் 20 வினாடிக்குப் பிறகு சொல்வதைப் பல போட்டிகளில் கணக்கில் எடுப்பதில்லை.

தயாரிப்பு அரை மணி நேரம்தான் பெரும்பாலான குழுக்கள் கவிழும் இடம். திறமையான ஒருவரே மூவரின் உரையையும் எழுதுவார், மற்ற இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மேடையில் தாங்கள் எழுதாததை அவர்களால் காக்க முடியாது. அல்லது வரையறையைப் பற்றியே இருபது நிமிடம் சண்டை நடக்கும். முதல் 5 நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியே எழுதட்டும். அடுத்த 10-இல் வரையறையை முடித்து மூன்று வாதத்தைத் தேர்ந்து யாருக்கு எது என்று பிரிக்கட்டும். பிறகு 10 நிமிடம் அவரவர் உரை. கடைசி 5-இல் முதல் பேச்சாளர் தன் தொடக்கத்தை வாய்விட்டுச் சொல்ல, மற்ற இருவரும் எதிரணியாக மாறித் தாக்கட்டும். தமக்குச் சாதகமாகத் தீர்மானத்தை ஊசிமுனையாகக் குறுக்கும் வரையறைக்கு இடம் கொடுக்காதீர்கள். எதிரணி அதையே எதிர்த்துப் பேசத் தொடங்கினால் விவாதம் முழுக்க வரையறைச் சண்டையாகிவிடும், இரு பக்கமும் புள்ளி இழக்கும்.

போகப்போவது ஆங்கிலப் போட்டியானாலும் முதல் ஒரு மாதம் தமிழிலேயே விவாதிக்க விடுங்கள். சொல் தேடும் சிரமம் இல்லாதபோது காரணம் தேடும் பழக்கம் சீக்கிரம் வரும். ஆங்கில ஆசிரியர் முகம் சுளிக்கலாம்; ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நாங்கள்தான் நன்றாகப் பேசினோம், எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் தோற்றோம். நடுவரிடம் போய்க் கேட்கலாமா?
– படிவம் 5 மாணவர், ஆயர் ஈத்தாம்

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ‘ஏன் தோற்றோம்’ என்று கேட்டால் நடுவர் தற்காப்புக்குப் போய் ஏற்கெனவே சொன்ன தீர்ப்பையே திரும்பச் சொல்வார். குறிப்புத் தாளோடு போய், ‘எங்கள் இரண்டாவது வாதத்தை எதிரணி எந்த இடத்தில் உடைத்ததாக எடுத்துக்கொண்டீர்கள்?’ என்று கேளுங்கள். ‘முடிவுரையில் நாங்கள் எதை எடை போட்டிருக்க வேண்டும்?’ என்பதும் நல்ல கேள்வி. ஆசிரியரையோ பெற்றோரையோ அனுப்பாதீர்கள். நீங்களே, தீர்ப்பு முடிந்த கையோடு, மரியாதையாக.

கைத்தட்டலை நம்ப வேண்டாம். நெருக்கமான விவாதங்கள் பெரும்பாலும் முடிவுரையில் போகும். முடிவுரையில் எதிர்த்தரப்பு முதலில் பேசும், அரசுத் தரப்பு கடைசியில் பேசும். முதல் அல்லது இரண்டாவது பேச்சாளர்தான் அதைச் செய்யலாம். புதிய வாதம் கூடாது. எல்லா உரையையும் வரிசையாகச் சுருக்கிச் சொல்வது அந்த 4 நிமிடத்தை வீணாக்கும் வழி. மோதல் எந்த இரண்டு கேள்வியில் நடந்தது, இரண்டிலும் ஏன் நாம் முன்னால் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் ஆண்டு. விவாதத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்

ஆண்டின் முற்பாதி வரை தொடரலாம், முன்னோட்டத் தேர்வுக்குப் பிறகு நிறுத்துவது நல்லது. வாரத்துக்கு ஒரு பயிற்சி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வார இறுதி முழுவதையும் விழுங்கும் திறந்த போட்டிகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடுங்கள். எஸ்பிஎம் ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வும் இருப்பதால் இந்த உழைப்பு அங்கே உதவும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியூ தகுதிக் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். போட்டியின் நிலைக்கேற்பப் புறப்பாடப் புள்ளி மாறும். அதனால் சான்றிதழில் பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நிலை தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் அன்றே திருத்தி வாங்கி, நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, புறப்பாடப் பதிவில் ஏறியதை உறுதி செய்துகொள்ளுங்கள்.