தங்க ரேக்கும் ஒரு மணி நேரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஏப்ரலில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறேன். தோக்கியோ, கியோத்தோ முடித்துக் கனாசாவாவில் இரண்டு நாள். அங்கே தங்க ரேக்கு ஒட்டுவது, இனிப்பு பிடிப்பது, துணிக்குச் சாயமிடுவது என்று பயணிகளுக்காகவே ஏகப்பட்ட வகுப்புகள் இருக்கின்றன. "ஒரு மணி நேரத்தில் என்ன கலை வந்துவிடும்? எல்லாம் வெளியூர்க்காரர்களிடம் காசு பார்க்கும் வேலை" என்கிறான் தம்பி. நீங்கள் கனாசாவா போய்வந்தவர் என்பதால் கேட்கிறேன். இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதற்குப் போவது? அம்மா சுத்த சைவம்.

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

ஒரு மணி நேரத்தில் கலை வராது. தம்பி சொல்வது அந்த மட்டில் சரி. இருந்தாலும் கட்டாயம் போங்கள் என்பேன்.

நான் தங்க ரேக்கு வகுப்புக்குப் போனது ஜனவரியில். வெளியே மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் சூடான காற்று முகத்தில் படும் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அந்த அறையில் காற்று வீசும் எதையும் ஓட விடமாட்டார்கள். வேலை என்னவோ எளிதுதான். சின்னப் பெட்டியின் மூடியில் நாடாவை வெட்டி ஒட்டி ஒரு வடிவம் அமைத்து, திறந்திருக்கும் இடத்தில் பசை தடவி, அதன்மேல் தங்க ரேக்கைக் கிடத்த வேண்டும். மூங்கில் இடுக்கியால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். மூச்சு விட்டேன். அவ்வளவுதான், ரேக்கு தன்மேலேயே மடிந்து சுருண்டுவிட்டது. விரலால் பிரிக்கப் போனேன். கற்றுக்கொடுத்த அம்மையார் சட்டென்று என் கையைத் தடுத்தார். சுருளை இடுக்கியால் எடுத்து ஒரு தாளில் வைத்து, உதட்டைக் குவித்து அதன் நடுவில் மெல்ல ஒரு ஊது ஊதினார். சுருள் விரிந்து தட்டையாகப் படுத்தது. என் மூச்சில் கெட்டது அவர் மூச்சில் நேராகிவிட்டது.

அந்த ரேக்கின் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்து யென் நாணயம் அளவுத் தங்கத்தைத் தட்டித் தட்டி ஒரு தத்தாமிப் பாய் அளவுக்கு விரிப்போம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். இந்த எண்களை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது அவை எனக்கு வெறும் எண்கள். ரேக்கு என் இடுக்கியில் சுருண்டபோதுதான் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்று தெரிந்தது.

ஜப்பானியர்கள் இத்தகைய வகுப்பைத் 'தைக்கென்' என்கிறார்கள். அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்குப் பொருள் உடம்பு, அடுத்ததற்குச் சோதித்துப் பார்ப்பது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழில் உடம்புக்கும் உண்மைக்கும் மெய் என்ற ஒரே சொல்தானே.

அப்புறம் அதே நாள் மாலை ஊரிலுள்ள யசுயே தங்க ரேக்கு அருங்காட்சியகத்துக்குப் போனேன். தங்கப் பின்னணி கொண்ட மடிப்புத் திரைகளை அதற்கு முன்பும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றுதான் அந்தத் தங்கப் பரப்பில் சதுரம் சதுரமாக மெல்லிய கோடுகள் ஓடுவது கண்ணில் பட்டது. ஒரு ரேக்கின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் இடம் அது. 'ஹாகு அஷி', ரேக்கின் கால் என்று பெயர். ஒவ்வொரு சதுரத்தையும் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடத்தியிருக்கிறார். காலையில் என் கை தோற்றிராவிட்டால் அந்தக் கோட்டை நான் கண்டிருக்கவே மாட்டேன். உங்கள் தம்பிக்கு என் பதில் இந்தக் கோடுதான்.

ஜப்பானில் செய்யும் தங்க ரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் கனாசாவாவில்தான் ஆகிறது. ஈரக்காற்று நிறைந்த ஊர் என்பது இதற்குத் தோது. அந்தப் பகுதியை ஆண்ட மயேதா பிரபுக்கள் கைவினைகளை ஊட்டி வளர்த்த ஊர் என்பது இன்னொரு காரணம். தட்டும் திறமையைவிடத் தாளைப் பக்குவப்படுத்துவதுதான் தொழில் ரகசியம் என்பார்கள். பழைய முறையில், கைத்தாளை வைக்கோல் சாம்பலின் காரநீர், பெர்சிமன் காய்ச்சாறு, முட்டை ஆகியவற்றில் தோய்த்துத் தோய்த்துப் பதமாக்கி, அந்தத் தாள்களுக்கு இடையில் தங்கத்தை வைத்துத் தட்டுகிறார்கள். 'என்ட்சுகே' என்னும் இந்த முறை, மரக்கட்டடங்களைக் காக்கும் ஜப்பானின் மரபுத் திறன்களில் ஒன்றாக 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கியோத்தோவில் நீங்கள் பார்க்கப்போகும் கின்காகுஜி என்னும் தங்கக் கோயிலை 1987இல் புதுப்பித்தபோது சுமார் 2 லட்சம் ரேக்குகளை ஒட்டினார்கள். கனாசாவாவின் ரேக்கு, வழக்கத்தைவிடத் தடிமனானது. குளத்தங்கரையில் நின்று பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். காசு பார்க்கிறார்கள்தான், பார்க்கட்டும். இந்த ரேக்கில் பெரும்பங்கு வீடுகளில் வைக்கும் புத்த பீடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றைய சின்ன வீடுகளில் அவ்வளவு பெரிய பீடம் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள், ரேக்கின் தேவையும் சரிந்துவிட்டது. பயணி கொடுக்கும் வகுப்புக் கட்டணமும் அந்தத் தொழில் நிற்பதற்கு ஒரு முட்டுதான். வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் போட்ட கடையும் இல்லை இது. பள்ளிச் சுற்றுலாவில் வரும் ஜப்பானியப் பிள்ளைகளும் இதே மேசைகளில் உட்கார்ந்து இதையேதான் செய்கிறார்கள்.

எல்லா வகுப்பும் ஒன்று என்று சொல்லமாட்டேன். காகா யூசென் என்னும் இந்த ஊர்த் துணிச் சாயமிடல் எனக்கு மிகவும் பிடித்த கலை, பூச்சி அரித்த இலையைக்கூட அப்படியே வரைவார்கள். ஆனால் குறுகிய வகுப்பில் பெரும்பாலும் அச்சுத்தகட்டின்மேல் தூரிகையைத் தட்டிக் கைக்குட்டைக்கு நிறமேற்றுவதோடு சரி. அந்த நேரத்தில் கலைஞர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மேல். வாடகைக் கிமோனோ மகளுக்குப் பிடித்தால் உடுத்திக்கொள்ளட்டும், படம் எடுக்க அழகாக இருக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதிவு செய்யும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சொல்லிக்கொடுப்பவர் அந்தத் தொழிலைச் செய்பவர்தானா? ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு போதும்.

முதல் நாள் ரேக்கு. இரண்டாம் நாள் அம்மாவுக்காக இனிப்பு. 'நெரிகிரி' என்பது வெள்ளை அவரை விழுதைச் சர்க்கரையோடு கிளறி, பசையரிசி மாவு சேர்த்துப் பிசைந்த மாவு. வழக்கமான முறையில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. இருந்தாலும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நிறமேற்றிய மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் சிவப்புப் பயற்று விழுதை உருட்டி வைத்து, திருப்பித் திருப்பி விளிம்பை மேலே ஏற்றி மூட வேண்டும். நான் விரலால் அழுத்தினேன், கிழிந்து உள்ளிருந்தது எட்டிப்பார்த்தது. கொழுக்கட்டைக்குப் பூரணம் பொதிந்து பழகிய கை என்றால் இந்த இடத்தில் தடுமாறாது. அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாதது அந்த மேசையில் ஒரு பொருட்டாகவே இருக்காது. மூடிய உருண்டையில் முக்கோண மரக்கட்டையின் விளிம்பால் கோடு இழுத்து இதழ் பிரிப்பார்கள். எந்தப் பூ என்பதைப் பருவம் தீர்மானிக்கும். நீங்கள் போவது ஏப்ரல், அநேகமாக சகுராவாக இருக்கும். சற்றுத் தொலைவில் கென்ரோகுயென் தோட்டத்திலும் அதே பூ பூத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அந்த இனிப்பை வைத்திருக்க முடியாது, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பச்சைத் தேநீர் கிடைத்தால் கூட வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா பிடித்ததை மகளும், மகள் பிடித்ததை அம்மாவும் சாப்பிடட்டும்.